புல்தரையின் செலவுக் குறிப்பேடு

மார்ச் 2

புல்தரைக்கான எந்தச் செலவும் சதுர அடியைப் பெருக்கித்தான் வருகிறது. அளவு தவறினால் அதன் பின் வரும் எல்லாக் கணக்கும் தவறும். சென்னைப் புறநகரில் ஒரு கிரவுண்ட் மனை, அதாவது 2,400 சதுர அடி, எடுத்துக்காட்டுக்குப் போதும். வீடு, கார் நிறுத்தும் இடம், பின்பக்கத் துவைகல் எல்லாம் போக முன்னாலும் பக்கவாட்டிலும் 850 சதுர அடி வெறும் தரை மிஞ்சுகிறது. இதை அப்படியே புல்தரை என்று எழுதிவிடுவதுதான் வழக்கம். மாமரத்தின் நிழல் நாள் முழுக்க விழும் இடம் 130 சதுர அடி. அங்கே அருகும் நிற்காது, கொரியன் புல்லும் நிற்காது. சம்ப் மூடி, கழிவுநீர்த் தொட்டியின் மூடி, மழைநீர்க் குழி, நடைபாதை ஆகியவற்றுக்கு 120. மீதி 600 சதுர அடி. இதுவே 55.7 சதுர மீட்டர், ஏறத்தாழ 1.4 சென்ட்.

காம்பவுண்டு கோணலாக இருந்தால் தரையைச் செவ்வகங்களாகவும் முக்கோணங்களாகவும் பிரித்து அளந்து கூட்டலாம். இடத்தைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுபவர் பெரும்பாலும் கூட்டித்தான் சொல்வார், அவர் விற்பவராக இருந்தால் நிச்சயமாக.

மார்ச் 9

அளவுக்கு அடுத்து எழுத வேண்டியது தண்ணீர். பலர் இதைக் கடைசியில் எழுதுகிறார்கள், சிலர் எழுதுவதே இல்லை. கோடையில் புல்தரை நாளொன்றுக்குச் சுமார் 4 முதல் 6 மில்லிமீட்டர் நீரை இழக்கிறது. நடுவில் 5 என்று வைத்தால் 55.7 சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 279 லிட்டர், மாதத்துக்கு ஏறக்குறைய 8,400 லிட்டர். நகரக் குடிநீர்த் திட்டங்கள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுகின்றன. ஆகவே 600 சதுர அடிப் புல் என்பது வீட்டில் கூடுதலாக இரண்டு பேர் குடியிருப்பதற்குச் சமம். அவர்கள் கோடையில் ஊருக்குப் போகவும் மாட்டார்கள்.

போர்த் தண்ணீர் இருக்கிறதே என்ற பதில் போதாது. அது என்ன தண்ணீர் என்று பார்க்க வேண்டும். மண் பரிசோதனைக் கூடங்கள் பாசன நீரையும் சோதித்துத் தருகின்றன. நீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.7 டெசிசைமனுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான செடிகளுக்கு உப்பு தொல்லை தரும். அருகு வகைகள் உப்பைப் பெரிதும் பொறுக்கும் என்பதால் கடலோரத் தெருக்களில் புல் வகையைத் தீர்மானிப்பது பல நேரங்களில் அழகன்று, போர்த் தண்ணீர்தான். வடிகட்டிக் கருவி கழித்துத் தள்ளும் நீரைப் புல்லுக்கு விடும் சிக்கனம் கூடாது. முதல் நீரில் இருந்த உப்பைச் செறிவாக்கித் தருவதுதான் அந்த நீர்.

2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வற்றிப்போயின. அப்படி ஓர் ஆண்டில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருவில் புல்லுக்கு எவ்வளவு தர முடியும் என்பதை வைத்தே பரப்பைத் தீர்மானிப்பது நல்லது. 600 அடி அதிகமென்று பட்டால் இப்போதே 400 ஆக்கிக்கொள்ளலாம். குறிப்பேட்டில் ஓர் எண்ணை அடிப்பதற்குக் காசு ஆகாது.

ஏப்ரல் 6

தரையைத் தோண்டும்போதுதான் வீடு கட்டியவர் விட்டுப்போனது தெரியும். செங்கல் துண்டு, காய்ந்த கலவைக் கட்டி, ஜல்லி, டைல்ஸ் சில்லு, கம்பித் துண்டு எல்லாவற்றின் மேலும் அரை அடி மண்ணைப் போட்டு மட்டம் செய்து சாவியைக் கொடுப்பது கட்டுமான வழக்கமாகவே ஆகிவிட்டது. சிமெண்டுக் கழிவு மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும். அதன் மேல் விரித்த புல் சில மாதங்களில் திட்டுத் திட்டாக மஞ்சளாகும். அதற்கு உரம் போட்டுப் பார்ப்பது வீண் செலவு.

முக்கால் அடி ஆழம் என்றால் 600 சதுர அடிக்கு 450 கன அடி மண்ணைக் கிளற வேண்டும். கூலியைப் பேசும்போது தோண்டுவதை மட்டும் பேசினால் போதாது. சலித்துக் கல் பொறுக்குவது, கழிவைத் தெருவரை சுமப்பது, அதை ஏற்றிப்போகும் வண்டி ஆகிய மூன்றுமே தனிச் செலவு. பக்கவாட்டு வழி குறுகலாக இருந்தால் எல்லாம் சட்டியில்தான் போகும், ஆள்கூலி கூடும்.

தோண்டிய குழி ஒன்றில் ஓரடி ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது செலவில்லாத சோதனை. சில மணி நேரத்துக்குப் பிறகும் நீர் நின்றால் அடியில் களி இருக்கிறது என்று பொருள். வடிகாலுக்கு ஒரு தொகையை ஒதுக்கியாக வேண்டும்.

மே 11

இந்த மாதம் செலவு குறைவு, பொறுமைதான் அதிகம். கிளறிய மண்ணை வெயிலில் காயவிட்டு, ஒரு முறை தண்ணீர் விட்டுக் களைகளை முளைக்கவைத்து வேரோடு எடுக்க வேண்டும். இரண்டு வாரம் விட்டு மறுபடியும் அதே வேலை. கோரை இருந்தால் மூன்றாவது முறையும் தேவைப்படலாம். அதன் கிழங்கு மண்ணுக்குள் சங்கிலியாக ஓடுகிறது. மேலே இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வரும், கிழங்கு கீழேயே இருக்கும். வெறுந்தரையில் மண்வெட்டியால் தோண்டி எடுக்கக்கூடிய கிழங்கைப் புல் விரித்த பிறகு எடுக்க வேண்டுமானால் புல்லையும் பெயர்க்க வேண்டும். இப்போது கொடுக்கும் இரண்டு ஆள்கூலி பின்னால் ஆண்டுக்கணக்கில் களை பறிக்கும் கூலியை மிச்சப்படுத்தும். அவசரப்பட்டு இந்த ஒரு மாதத்தைச் சேமிப்பவர்கள்தான் பிறகு கோரைக்கு மருந்து தேடி அலைகிறார்கள்.

ஜூன் 15

மண் வாங்கும் கணக்கு. கழிவு நீக்கியதில் தரை தாழ்ந்திருக்கும். சராசரி 4 அங்குலம் நிரப்ப வேண்டுமென்றால் 200 கன அடி. லாரியில் வருவது பொலபொலப்பான மண். நீர் விட்டதும் அது அமுங்கும் என்பதால் கால் பங்கு சேர்த்து 250 கன அடி என்று எழுத வேண்டும். ஒரு யூனிட் 100 கன அடி. ஆக இரண்டரை யூனிட். வண்டி வந்து நிற்கும்போது லாரிப் பெட்டியின் நீளம், அகலம், மண்ணின் உயரம் மூன்றையும் நாடாவால் அளந்து பெருக்கிப் பார்ப்பதில் யாருக்கும் மனவருத்தம் வர வேண்டியதில்லை.

சவுடு மலிவு, செம்மண் விலை அதிகம். பள்ளத்தை நிரப்பச் சவுடு போதும். மேல் 4 அங்குலத்தில்தான் புல்லின் வேர் பெரும்பாலும் குடியிருக்கும், அதற்கு நல்ல செம்மண் வேண்டும். அதோடு நன்கு மக்கிய தொழு உரம் ஓரங்குலம், அதாவது 50 கன அடி. மக்காத சாணம் விலை குறைவுதான். ஆனால் கூடவே களை விதையும் வேர்ப்புழுவும் வந்து சேரும். மேல் மட்டத்தைச் சரிசெய்ய அரை அங்குல மணல், 25 கன அடி, கால் யூனிட். மழைநீர் வீட்டுச் சுவரை விட்டு விலகி ஓட நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு போதும். 20 அடித் தூரத்துக்கு இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான இறக்கம். அந்தச் சரிவு மழைநீர்க் குழியை நோக்கி இருப்பது சிறப்பு. தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயமாக்கப்பட்ட அந்தக் குழியை அழகுக்காகப் புல்லால் மூடும் வீடுகளும் இருக்கின்றன.

ஜூலை 13

புல் தேர்வு. முழு வெயில் கிடைக்கும் இடத்தில் அருகு வேகமாகப் படரும், மிதிபடுவதைத் தாங்கும், வறட்சியில் பழுப்பாகி மழையில் மீளும். வேகமாக வளர்வதால் அடிக்கடி வெட்ட வேண்டும். கொரியன் புல் மெல்லிய இலையுடன் அடர்த்தியாக, மெதுவாக வளரும். வெட்டும் செலவு குறைவு. நெடுநாள் வெட்டாமல் விட்டால் மேடு மேடாகத் திரண்டு நிற்கும், அந்தத் தோற்றத்தை விரும்பி அப்படியே விடுபவர்களும் உண்டு. அகன்ற இலை கொண்ட எருமைப் புல் ஓரளவு நிழலைப் பொறுக்கும். நர்சரிகளில் பெயர்கள் கலந்து வழங்குவதால் ஒரு சதுர அடித் துண்டை வாங்கி ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்த்த பிறகு மொத்தத்துக்குச் சொல்வது பாதுகாப்பு.

நடும் முறைதான் விலையைத் தீர்மானிக்கிறது. தரை முழுதும் பாயாக விரித்தால் வெட்டுச் சேதத்துக்கு 5 சதவீதம் சேர்த்து 630 சதுர அடி வாங்க வேண்டும். அதே பாயை 3 அங்குலச் சதுரத் துண்டுகளாக வெட்டி, நடுவுக்கு நடு அரை அடி இருக்கும்படி நட்டால் நான்கில் ஒரு பங்கு, 150 சதுர அடி போதும். அருகுக்கு இந்தச் சிக்கனம் பொருந்தும், சில மாதங்களில் இடைவெளி மூடிவிடும். மெதுவாகப் படரும் கொரியன் புல்லுக்கு இதைச் செய்தால் புல்லில் மிச்சமான பணம் களை பறிக்கும் கூலியாகப் போய்விடும்.

ஜூலை 27

ஒப்பந்தக்காரர் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே எண்ணில் சொல்வார். அந்த எண்ணுக்குள் மண் உண்டா, உரம் உண்டா, கழிவு அகற்றல் உண்டா, காய்ந்த துண்டுகளை எத்தனை நாள் வரை மாற்றித் தருவார் என்று எழுதி வாங்காதவரை இரண்டு ஒப்பந்தங்களை ஒப்பிட முடியாது. விலை குறைந்த ஒப்பந்தம் பெரும்பாலும் மண்ணைக் கிளறாமல் மேலே விரிக்கும் ஒப்பந்தம்.

விலைகள் ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறுகின்றன. கணக்குப் போடும் முறையைக் காட்ட மட்டும் சில விலைகளை வைத்துக்கொள்ளலாம். தோண்டுதலும் கழிவு அகற்றலும் 13,000 ரூபாய். செம்மண் யூனிட் 5,000 என்றால் இரண்டரை யூனிட்டுக்கு 12,500. தொழு உரம் 4,000. மணல் 1,500. புல் சதுர அடி 15 ரூபாய் வீதம் 630 அடிக்கு 9,450. விரிக்கும் கூலி 4,000. குழாய், ஓஸ், தெளிப்பான் 3,000. மொத்தம் 47,450. இதில் புல்லின் பங்கு ஐந்தில் ஒன்றுதான். எதிர்பாராததற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 52,200-ஐ நெருங்கும். பணம் போதவில்லையென்றால் குறைக்க வேண்டியது பரப்பை. உரத்தையோ மண்ணையோ குறைத்துப் பரப்பைக் காப்பாற்றினால் அடுத்த ஆண்டே மறுபடி புல் வாங்க நேரும்.

ஆகஸ்ட் 10

விரிக்கும் நாளின் செலவில் நேரமும் சேர்ந்தது. அடுக்கி வைத்த பாய் உள்ளுக்குள் சூடேறி மஞ்சளாகும் என்பதால் வண்டி வந்த அன்றே முழுதும் விரித்துவிட வேண்டும். அதிகாலையில் வரச்சொல்லி, அன்றைக்கு ஆளும் தண்ணீரும் தயாராக இருந்தால் சேதம் குறையும். செங்கல் வரிசைபோல மூட்டுகள் விலகி வரும்படி விரித்து, இடுக்கில் மணல் தூவி, தட்டி, அடி மண் நனையும்வரை நீர் விட வேண்டும். முதல் இரண்டு வாரம் தினமும் தண்ணீர், பிறகு இடைவெளி விட்டு ஆழமாக. இந்தப் பதினான்கு நாள் நீரை ஆண்டுச் செலவில் சேர்க்காமல் நிறுவும் செலவில் எழுதுவதே சரி.

ஆகஸ்டில் விரிப்பதற்குக் காரணம் அக்டோபர். வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் வேர் பிடித்துவிட்டால் டிசம்பர் வரை மழையே பார்த்துக்கொள்ளும். அக்டோபர் கடைசியில் விரித்தால் கனமழையில் மண் அரித்து, பாய்கள் நகர்ந்து, மட்டம் கெடும்.

ஜனவரி 18

ஆண்டுச் செலவு. மழையற்ற ஆறு மாதங்களுக்கு மாதம் 8,400 லிட்டர் வீதம் 50,400 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் நான்கு லாரிக்கும் சற்று அதிகம். லாரி 1,500 என்று வைத்தால் 6,300 ரூபாய். மாதம் இரண்டு முறை தோட்டக்காரர், முறைக்கு 500 என்றால் ஆண்டுக்கு 12,000. உரமும் மேல்மண் தூவலும் 2,000. மொத்தம் 20,300. மூன்றாவது ஆண்டு முடிவதற்குள் பராமரிப்பு, நிறுவிய செலவைத் தாண்டிவிடுகிறது.

இதில் குறைக்க முடிந்தது வெட்டும் கூலி. 600 அடிக்குக் கையால் தள்ளும் இயந்திரமே தாராளம். ஒரே வெட்டில் இலையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமலிருந்தால் புல் காயாது, காய்ந்த இடத்தை ஒட்டுப்போடும் செலவும் வராது. யூரியா 100 சதுர மீட்டருக்கு ஒரு கிலோ என்றால் இங்கே ஒரு முறைக்கு அரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். இதற்காக 45 கிலோ மூட்டை வாங்குவது ஆசை மட்டுமே.

மே 17

இரண்டாவது கோடை. தண்ணீர் தட்டுப்பாடானால் 600 அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதால் எந்தப் பகுதியும் பிழைப்பதில்லை. வாசலையொட்டிய 200 அடிக்கு முழு நீர் விடலாம். அருகாக இருந்தால் மீதியை வாரம் ஒரு முறை நனைத்து, பழுப்பாக விட்டுவிடலாம். அப்போது மாத நீர்ச் செலவு 8,400 லிட்டரிலிருந்து சுமார் 3,600 ஆகிறது. கொரியன் புல் இந்த அளவு பட்டினியைத் தாங்கி மீள்வது கடினம். அதைப் போட்டவர்கள் ஒட்டுப்போட 30 சதுர அடிப் பாய்க்கான பணத்தை இந்த மாதக் கணக்கிலேயே ஒதுக்கி, வாங்குவதை மட்டும் ஆகஸ்டுக்குத் தள்ளிவைக்கலாம்.