யாக்கிமாவின் கசப்பு

யாக்கிமா, வாஷிங்டன் மாநிலம்
செப்டம்பர், ஞாயிறு காலை

அன்பு மாப்ளே,

நவம்பரில் மகள் வீட்டுக்கு சியாட்டில் போகிறேன், இத்தனை வருஷம் கழித்து ஒரு பீர் குடிக்கலாமென்று இருக்கிறேன், அங்கே போய் எதைக் கேட்பது என்று எழுதியிருந்தாய். அதற்குப் பதில் எழுத இதைவிடப் பொருத்தமான ஊர் அமெரிக்காவில் கிடையாது. பீருக்குக் கசப்பு தருவது ஹாப்ஸ் என்ற கொடியின் கூம்பு. இந்த நாட்டில் விளையும் ஹாப்ஸில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த ஒரு பள்ளத்தாக்கில்தான் விளைகிறது. இப்போது அறுவடை நேரம். கார்க் கண்ணாடியை இறக்கினால் போதும், எலுமிச்சைத் தோலும் பைன் பிசினும் அப்போதுதான் வெட்டிய புல்லும் கலந்த மணம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சியாட்டிலிலிருந்து இரண்டரை மணி நேரப் பயணம். ஸ்னோகுவால்மி கணவாய் வரை கரும்பச்சைக் காடு, ஈரம், தாழ்ந்த மேகம். கணவாயைத் தாண்டி எலன்ஸ்பர்க் வந்ததும் மரங்கள் காணாமல் போய், மொட்டை மொட்டையாகப் பழுப்புக் குன்றுகள். மழையையெல்லாம் கேஸ்கேட் மலைத்தொடர் மேற்குப் பக்கத்திலேயே வாங்கிக்கொள்கிறது. யாக்கிமாவுக்கு வருஷத்தில் 200 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மிச்சம். நம் ராமநாதபுரத்திலேயே இதைப் போல நான்கு பங்கு பெய்யும். பனி உருகி வரும் ஆற்றுத் தண்ணீரைக் கால்வாயில் கொண்டுவந்து பாய்ச்சித்தான் ஆப்பிள், திராட்சை, ஹாப்ஸ் எல்லாம். ஊர் 46 டிகிரி வடக்கில் இருப்பதால் ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். ஹாப்ஸ் கொடி நன்றாக வளர்ந்து பூப்பதற்கு அந்த நீண்ட பகல் வேண்டும். மதுரையில் எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் அந்தப் பகலுக்கு எங்கே போவது?

தோட்டத்தை நீ பார்க்கவேண்டும். 18 அடி உயரக் கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன. உச்சியில் இரும்புக் கம்பிவலை. அதிலிருந்து தரைக்குக் கயிறுகள் இறங்குகின்றன. அந்தக் கயிற்றைத் தொட்டதும் என் கை அடையாளம் கண்டுகொண்டது. தேங்காய் நார்க் கயிறு, மாப்ளே! பெரும்பாலும் இலங்கையிலிருந்து கப்பலில் வருகிறதாம். சொரசொரப்பு இருப்பதால் கொடி வழுக்காமல் பிடித்து ஏறுகிறது. அறுவடை முடிந்தபின் தழையோடு சேர்ந்து மண்ணில் மக்கியும் போகிறது. வசந்தத்தில் ஆட்கள் உயரமான மேடை வண்டியில் நின்றபடி ஒவ்வொரு கயிறாகக் கையால் கட்டுகிறார்கள். பிறகு தரையில் முளைவிடும் தண்டுகளில் இரண்டு மூன்றைத் தேர்ந்து வலஞ்சுழியாகக் கயிற்றில் சுற்றிவிடுகிறார்கள். இடஞ்சுழியாகச் சுற்றினால் கொடி கழன்றுவிடும். வேலை செய்பவர்கள் பெரும்பாலும் மெக்சிகோ வழிக் குடும்பங்கள். அமெரிக்க பீரின் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்தக் கைகளையும் சேர்த்துப் பேசவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பெண் கொடியில்தான் கூம்பு பிடிக்கும். கட்டைவிரல் பருமனில், பச்சைக் காகிதத்தை அடுக்கடுக்காக மடித்த மாதிரி இருக்கிறது. ஒன்றைப் பிய்த்தால் இதழ்களின் அடியில் மஞ்சள் மாவு. லுபுலின் என்கிறார்கள். கசப்பும் மணமும் அதில்தான் அடங்கியிருக்கின்றன. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன். விரல் பிசுபிசுத்தது. சோப்புப் போட்டுக் கழுவியும் ராத்திரி வரை மணம் போகவில்லை.

பச்சைக் கூம்பு ஒரு நாளைக்கு மேல் தாங்காது. அதனால் அறுவடை மாதத்தில் இரவு பகல் கிடையாது. ஒரு வண்டி கொடியின் அடியை வெட்டிக்கொண்டு போகிறது. பின்னால் வரும் வண்டி மேல் கம்பியிலிருந்து வெட்டி லாரியில் தள்ளுகிறது. கூம்பை மட்டும் பிரித்து, இரண்டு மூன்று அடி உயரத்துக்குப் பரப்பிச் சூடான காற்றை அடியிலிருந்து அனுப்பி உலர்த்துகிறார்கள். பத்தில் ஒரு பங்கு ஈரம் மிஞ்சும் வரை உலர்த்தி, 200 பவுண்டு பொதியாக அமுக்கித் தைக்கிறார்கள்.

நாம் இருவரும் குடியை நிறுத்தியது வேறு வேறு காரணத்துக்காக. உன் கதை உனக்குத் தெரியும். எனக்கு அப்பாவின் படுக்கை. எந்த ராத்திரியிலும் வண்டியை எடுக்கவேண்டி வரலாம் என்றிருந்தபோது குடிப்பது என்ற நினைப்பே இல்லை. அவர் போனபிறகும் அந்தப் பக்கம் மனம் திரும்பவில்லை. இங்கே, இந்தத் தோட்டத்து ஓரத்தில்தான் மறுபடி ஆசை வந்தது. வந்த ஆசை வெறும் பீர் மீது இல்லை, அந்த மஞ்சள் மாவின் கசப்பு மீது.

ஊருக்குக் கிழக்கே, மாக்ஸி போகும் வழியில் பேல் பிரேக்கர் என்றொரு மதுவடிப்பகம் இருக்கிறது. சுற்றிலும் ஹாப்ஸ் வயல்; கட்டடம் வயலுக்கு நடுவில். 1932இல், அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்குவதற்கு முந்தைய வருஷம், ஹாப்ஸ் நட்ட குடும்பத்தின் நான்காம் தலைமுறை 2013இல் தொடங்கியது. விடுதியிலிருந்து டாக்ஸியில் போனேன். நீயும் மகளின் காரை எடுத்துக்கொண்டு போகாதே.

பலகையில் எழுதியிருக்கும் பட்டியலைப் பார்த்தால் திகைப்பாகத்தான் இருக்கும். நாம் பழகியது லாகர் ஒன்றுதான். டாஸ்மாக்கில் தேர்வு என்பது ஸ்ட்ராங்கா இல்லையா என்பதோடு முடிந்துவிடும். இங்கே ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல், என்ற ஒரே பெயருக்குள் எதிரெதிர் சுவைகள். ஹேஸி என்றொரு வகை இப்போது எங்கும் பரவியிருக்கிறது. பழச்சாறு போலக் கலங்கலாக, மாம்பழ வாசனையோடு, நாக்குக்கு இதமாக இருக்கும், கசப்பு குறைவு. அதில் ஹாப்ஸ் நிறையத்தான் போடுகிறார்கள். ஆனால் பெரும்பகுதியை அடுப்பை அணைத்தபிறகும், நொதிக்கும்போதும் போடுகிறார்கள். அப்போது மணம் இறங்கும், கசப்பு அதிகம் இறங்காது. ஹாப்ஸின் ஆல்ஃபா அமிலம் ஒரு மணி நேரம் கொதித்து உருமாறினால்தான் நீரில் கரைந்து கசக்கும். வெஸ்ட் கோஸ்ட் ஐபிஏ என்று எழுதியிருந்தால் கொதிநீரில் நன்றாகப் போட்டிருக்கிறார்கள் என்று நம்பலாம். தெளிந்த பொன்னிறம், பைன் மணம், ஆரஞ்சுத் தோல், கடைசியில் அடிநாக்கில் நிற்கும் கசப்பு. நீ கேட்கவேண்டியது அதைத்தான்.

சில இடங்களில் ஐபியு என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் கசப்புப் பொருள் என்ற கணக்கு. லேசான அமெரிக்க லாகரில் பத்துப் பன்னிரண்டு, பேல் ஏலில் முப்பது நாற்பது, வெஸ்ட் கோஸ்ட் ஐபிஏயில் அறுபதைத் தாண்டும். அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். மால்ட்டின் இனிப்பு கூடினால் அறுபதும் நாற்பது போலத் தோன்றும்.

நான் முதலில் வாங்கியது ஃபீல்டு 41 என்ற பேல் ஏல். அந்த வயலின் எண்ணையே பெயராக வைத்திருக்கிறார்கள். ஆல்கஹால் 4.5 சதவீதம்தான். நீண்ட இடைவெளிக்குப் பின் உடம்பு எப்படி எடுத்துக்கொள்ளும் என்று தெரியாதபோது அது நல்ல வாசல். முதல் வாயில் கசப்பு மட்டும்தான் தெரிந்தது. வேப்பம்பூ ரசத்தின் முதல் வாய் மாதிரி, நாக்கு ஒரு கணம் பின்வாங்கியது. மூன்றாவது வாயில் கசப்பு பின்னால் போய், மணம் முன்னால் வந்தது. அதன்பிறகு டாப்கட்டர், சின்ன கிளாஸில். கொடியின் மேல்பக்கத்தை வெட்டும் அந்த வண்டியின் பெயர்தான். 6.8 சதவீதம். கசப்பு நீண்டு நின்றது. அடுத்த வாய்க்கு அவசரமே இல்லை. எனக்குப் பிடித்தது இதுதான், மாப்ளே: கசப்பு கையைப் பிடித்து நிறுத்துகிறது. இளவயதில் ஜில்லென்ற லாகரைத் தண்ணீர் போலக் குடித்தோமே, அப்படி இதைக் குடிக்க முடியாது. நம் வயதுக்கு ஒன்றே ஒன்று, மெதுவாக, நல்ல கசப்பாக என்பதே சரி.

இந்தக் கசப்புக்காகவே வாழ்ந்த ஒரு மனிதர் இந்த ஊரில் இருந்தார். பெர்ட் கிராண்ட். ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். பெரிய கம்பெனிகளின் சப்பென்ற பீரைச் சகிக்காமல் சட்டைப் பையில் ஹாப்ஸ் எண்ணெய்க் குப்பி வைத்துக்கொண்டு, கிளாஸில் ஒரு சொட்டு விட்டுக் குடிப்பாராம். 1982இல் யாக்கிமாவின் பழைய ஆபரா கட்டடத்தில், அங்கேயே வடித்து அங்கேயே விற்கும் பப்பைத் திறந்தார். மதுவிலக்கு நீங்கியபின் அமெரிக்காவில் திறந்த முதல் ப்ரூபப் அது. இன்று ஊருக்கு ஊர் இருப்பதெல்லாம் அவர் வழியில் வந்தவை. அவரைப் போலப் பிடிவாதமான நாக்குள்ளவர்கள் இல்லையென்றால் இந்தப் பள்ளத்தாக்கின் மணமெல்லாம் சப்பென்ற லாகரில் கரைந்து போயிருக்கும்.

ஐபிஏயில் உள்ள இந்தியா நம் இந்தியாதான். 18ஆம் நூற்றாண்டில் லண்டனின் போ பகுதியிலிருந்து ஹாட்ஜ்சன் என்பவரின் பீர், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் கல்கத்தாவுக்கும் மதராசுக்கும் வந்தது. வெயில் நாட்டுக்கு அனுப்பும் பீரில் ஹாப்ஸைக் கூடுதலாகப் போடுவது அன்றைய வழக்கம், கெட்டுப்போகாமல் காக்கும்.

உனக்குச் சொல்லவேண்டிய முக்கியமான விஷயம்: தேதி. கேனின் அடியில் அடைத்த தேதி இருக்கும். ஹாப்ஸ் மணம் மாதக் கணக்கில் நிற்காது; முதலில் மணம் போகும், பிறகு கசப்பே முரடாகும். இரண்டு மாதத்துக்கு உட்பட்டதாக, குளிர்பெட்டியில் வைத்திருப்பதாகப் பார்த்து வாங்கு. கண்ணாடிப் பாட்டில் என்றால் பழுப்பு நிறம் மட்டும். பச்சை, வெள்ளைப் பாட்டிலில் வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கெட்டு நாற்றம் எடுக்கும்.

இப்போது இங்கே பச்சைக் கூம்பை உலர்த்தாமல் அப்படியே போட்டு வடிக்கும் ஃப்ரெஷ் ஹாப் பீர் வரத் தொடங்கியிருக்கிறது. நீ வரும்போது அது பெரும்பாலும் தீர்ந்திருக்கும், வருத்தப்படாதே. சியாட்டிலில் ஜார்ஜ்டவுன் வடிப்பகத்தின் போதிசாஃபா ஐபிஏ கிடைக்கும். பப்களில் குழாயிலேயே வரும். சூப்பர் மார்க்கெட்டில் மட்டும்தான் போகமுடியும் என்றால் சியாரா நெவாடா பேல் ஏல், பச்சை லேபிள், 5.6 சதவீதம். 1980இல் கலிபோர்னியாவின் சிக்கோவில் கென் கிராஸ்மன் வடித்தது. கேஸ்கேட் ஹாப்ஸின் மணத்தை நாடு முழுக்கப் பழக்கியது அந்த பீர்தான். பம்ப்ளிமாஸ் தோலைக் கிள்ளிய மணம் வரும். நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் முதல் கிளாஸுக்கு அதைவிட நம்பகமானது வேறில்லை என்று நினைக்கிறேன்.

போகுமுன் உன் மாத்திரைகளைப் பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. வெறும் வயிற்றில் வேண்டாம். ரொம்பக் காரமான சாப்பாட்டோடும் வேண்டாம். காரமும் கசப்பும் ஒன்றை மற்றொன்று ஏற்றிவிடும். வறுத்த மீன், சீஸ், வறுகடலை எல்லாம் சரி. கிளம்புமுன் டாப்பனிஷ் போய் அங்குள்ள ஹாப்ஸ் அருங்காட்சியகத்தைப் பார்க்கிறேன். வியாழன் சியாட்டில் திரும்புகிறேன். உன் மகள் வீட்டுப் பக்கம் எந்தக் கடையில் சரக்கு வேகமாக நகர்கிறது என்று விசாரித்து எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் மாப்ள