விழத் தெரிந்தவர்கள்

அம்பத்தூரிலும் ஆவடியிலும் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கடல் என்பது லோக்கல் ரயிலின் கடைசி ஸ்டேஷன். எங்கள் தலைமுறைக்கும் அப்படித்தான். ஆனாலும், கடலே எட்டிப் பார்க்காத இந்தப் பக்கத்தில் கடற்போர் நடத்தியவர்கள் நாங்கள். தகரத்தில் வெட்டிய வாள், பேக்கிங் கட்டையில் அடித்த கப்பல், நாலு பையன்கள் முனை பிடித்து ஆட்டிய நீலத்துணிக் கடல். இப்போது காலனி ஆண்டு விழாவில் நீங்களும் கடற்கொள்ளையர் நாடகம் போடப் போகிறீர்கள். தலைக்குத் துணி, கண்ணுக்குக் கறுப்புப் பட்டை எல்லாம் ஆன்லைனில் வந்து இறங்கிவிட்டனவாம். கொள்ளையர் தலைவன் வேடத்துக்கு அடிதடி நடக்கிறதாம். வெட்டுப்பட்டுக் கடலில் விழும் கொள்ளையன் வேடத்துக்கு மட்டும் ஓர் ஆள்கூட முன்வரவில்லையாம். அதைக் கேள்விப்பட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டு ‘ஆயிரத்தில் ஒருவன்’ வெளிவந்தது. அதை எடுத்த பி. ஆர். பந்துலுதான் 1961-இல் ‘கப்பலோட்டிய தமிழன்’ எடுத்தவர். ஒரு படத்தில் சிவாஜி வ.உ.சி.யாகச் செக்கிழுத்தார். மற்றதில் எம்.ஜி.ஆர்., அடிமையாக விற்கப்பட்டு, வேறு வழியின்றிக் கொள்ளைக் கப்பலில் ஏறிய வைத்தியராக வாள் சுழற்றினார். எழுபதுகளில் நான் கடைசல் வேலைக்குச் சேர்ந்தபோது, பேட்டையில் ஆயுத பூஜை என்றால் இயந்திரத்துக்குச் சந்தனம், தொழிலாளிக்குப் பொரி, இரவில் நாடகம். வ.உ.சி. நாடகம் போட்ட வருஷம் பெரியவர்கள் கண் கலங்கினார்கள். கொள்ளையர் நாடகம் போட்ட வருஷம் சுவரேறி உட்கார்ந்து பார்த்தார்கள். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பகலெல்லாம் இரும்போடு மல்லுக்கு நின்றவன் இரவில் கொஞ்சம் கத்திச்சண்டை கேட்பது நியாயம்தான்.

எங்களைப் பழக்கியவர் திருவள்ளூர்ப் பக்கத்துக் கூத்து வாத்தியார். ஆள் ஒல்லி, குரல் மட்டும் நாலு தெருவுக்குக் கேட்கும். முதல் நாள் ஒத்திகையில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தார். “தலைவன் யார் என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் விழுகிறவன் யார் என்று சொல்லுங்கள்” என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. எடை குறைந்தவன் என்பதால் என்னைப் பிடித்து இழுத்தார்.

விழுவது ஒரு தொழில் என்று அப்போதுதான் தெரிந்தது. கப்பல் தட்டு இடுப்பளவு உயரம்தான். அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு குதிப்பவன் காலை உடைத்துக்கொள்வான். முழங்கால் இளகியிருக்க வேண்டும். தாடை மார்பில் ஒட்டியிருக்க வேண்டும். தோள்தான் முதலில் தரையைத் தொட வேண்டும். வைக்கோல் சாக்கு எங்கே கிடக்கிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாமல் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அலறல், வாள் படுவதற்கு அரை நொடி முன்பே தொடங்க வேண்டும்; பின்னால் வந்தால் கூட்டம் சிரித்துவிடும். ஷிப்ட் முடிந்து, எண்ணெய்க் கறை போகாத கையோடு, இருட்டும்வரை விழுந்து எழுவேன். அடிக்கிறவனுக்கு வாளை எங்கே நிறுத்துவது என்று தெரிந்தால் போதும், அவன் அடியை நிஜமாக்குவது விழுகிறவன்தான் என்பார் வாத்தியார். நாடகத்தன்று கைத்தட்டல் முழுவதும் கதாநாயகனுக்கே போயிற்று. போகத்தான் வேண்டும். நான் சரியாக விழுந்ததால் அது அவருக்குப் போயிற்று என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், வாத்தியாருக்கும் தெரியும். மூன்று பேருக்குத் தெரிந்த பெருமை எனக்குப் போதுமானதாக இருந்தது.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஆலையில் கதவடைப்பு வந்தது. வருஷக்கணக்கில் மேடையில் ஜெயித்தே பழகிய நண்பர் ஒருவர் வெளியே தலைகாட்டக் கூசி வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார். என்னோடு சேர்ந்து கொள்ளையனாக விழுந்து பழகிய இன்னொருவர், இரண்டாம் வாரமே பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு லாரி பட்டறையில் வீல் கழற்றிக்கொண்டிருந்தார். நேற்றுவரை தனக்குக் கீழே வேலை பார்த்த பையன் அந்த வழியாகப் போனபோது, இவரே கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். நாடகம்தான் அவரை அப்படி ஆக்கியது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அவர் இயல்பே அப்படியாக இருக்கலாம். ஆனால் ஊர் பார்க்க விழுந்து, ஊர் பார்க்க எழுந்து பழகியவனுக்கு வெட்கம் சீக்கிரம் வடிகிறது என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். முதல் நண்பரும் பிற்பாடு எழுந்துவிட்டார். அவருக்குக் காலம் கூடுதலாகப் பிடித்தது, அவ்வளவுதான். அதற்காக அவரைக் குறைத்துப் பேச மாட்டேன்.

விழுவதைப் பற்றிய இந்தப் பாடத்தை வாத்தியார் பாரதக் கூத்திலிருந்து கொண்டுவந்தார். திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்தில் திரௌபதி அம்மன் திருவிழா நடக்கும் ஊர்களில் கடைசி நாள் காலையில் படுகளம். தரையில் மண்ணால் மிகப் பெரிய துரியோதனனைப் படுக்க வைத்திருப்பார்கள். இரவெல்லாம் கிரீடமும் புஜக்கட்டையும் சுமந்து ஆடிய துரியோதன வேடக்காரர், விடிந்தபின் வெயிலில் அந்த உருவத்தைச் சுற்றிப் பீமனோடு சண்டையிட்டுத் தோற்க வேண்டும். ராத்திரி முழுவதும் கண்விழித்த உடம்பு அது. தளர்ந்துபோய்த் தோற்றால் பாரதமே கெட்டுவிடும். கடைசி அடிவரை ஜெயித்துவிடுவான் போலவே ஆட வேண்டும்.

உலகத்தில் இப்படிப் போர் நடிப்பதற்கென்றே திருவிழா வைத்திருக்கிற ஊர்களும் உண்டு. ஸ்பெயின் நாட்டின் வில்லஜோயோசாவில், 1538-இல் வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையர் தாக்கியதை நினைத்து ஒவ்வொரு ஜூலையிலும் போர் நடிக்கிறார்கள். விடியற்காலையில் படகுகளில் வந்து கரையிறங்கும் மூர்கள், அதாவது அந்த வட ஆப்பிரிக்கர் வேடமிட்டவர்கள், முதலில் ஊரைப் பிடிப்பார்கள். பிறகு ஊர்க்காரர்கள் அதை மீட்பார்கள். மூர்களாக வருபவர்களும் அதே ஊர்க்காரர்களே. அமெரிக்காவின் டாம்பா நகரில் 1904 முதல் காஸ்பரில்லா விழா நடக்கிறது. அங்கே கொள்ளையர் வேடம் போட்டவர்கள் கப்பலில் வந்து நகரத்தைப் ‘பிடித்து’ மேயரிடம் சாவி வாங்கிக்கொள்வார்கள். விழாவின் பெயருக்குக் காரணமான கொள்ளையன் ஹோசே காஸ்பர் என்று ஒருவன் வாழ்ந்ததற்கே சான்று இல்லை. கொள்ளையன் ஜெயித்துக்கொண்டே இருக்கும் விழாவைவிட, வென்றவனே தோற்றும் காட்டும் விழாவைத்தான் என் மனம் மெச்சுகிறது.

கொள்ளையர் என்று விளையாட்டாகச் சொல்கிறோமே, அது விளையாட்டில்லாத இடமும் உண்டு. 1999 அக்டோபரில் இந்தோனேசியாவிலிருந்து அலுமினியம் ஏற்றிப் புறப்பட்ட ‘அலோண்ட்ரா ரெயின்போ’ என்ற ஜப்பானியக் கம்பெனிக் கப்பலைக் கொள்ளையர் கைப்பற்றினார்கள். மாலுமிகள் 17 பேரையும் ஒரு மிதவையில் இறக்கிக் கடலில் விட்டுவிட்டார்கள். ஏறக்குறைய 10 நாள் மிதந்தவர்களைத் தாய்லாந்து மீனவர்கள் காப்பாற்றினார்கள். பெயரை மாற்றிக்கொண்டு ஓடிய கப்பலை நம் கடலோரக் காவல் படையும் கடற்படையும் நவம்பரில் அரபிக்கடலில் துரத்திப் பிடித்தன. மறு வருஷத்திலிருந்து இந்திய, ஜப்பானியக் கடலோரக் காவல் படைகள் கூட்டுப் பயிற்சி நடத்துகின்றன. ‘சஹயோக்–கைஜின்’ என்ற அந்தப் பயிற்சி 2018 ஜனவரியிலும் 2020 ஜனவரியிலும் நம் சென்னைக் கடலிலேயே நடந்தது. கொள்ளையர் கையில் சிக்கிய சரக்குக் கப்பலை மீட்பது அதில் முக்கியமான காட்சி.

தமிழகக் கரையெங்கும் நடக்கும் ‘சாகர் கவச்’ ஒத்திகையும் இப்படித்தான். ஒரு பிரிவினர் ஊடுருவுகிறவர்களாக வேடமிட்டு, போலி வெடிகுண்டோடு படகில் கரைக்கு வரப் பார்ப்பார்கள். இன்னொரு பிரிவினர் மடக்குவார்கள். “வேடமிட்டு வந்தவர்கள் பிடிபட்டனர்” என்று மறுநாள் பத்திரிகையில் நாலு வரி வரும். பிடித்தவர்களுக்குப் பாராட்டு. ஆனால் பிடிபட்டவர்கள் உண்மையிலேயே தப்பிக்க முயன்றிருந்தால்தான் அந்த ஒத்திகைக்கு அர்த்தம். எப்படியும் பிடிபடத்தானே போகிறோம் என்று அவர்கள் சோம்பியிருந்தால், கரையின் ஓட்டை எங்கே என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். முடிவு தெரிந்த ஆட்டத்தை முழு மூச்சோடு ஆடுவதை நான் பெரிய குணமாக மதிக்கிறேன். பரீட்சைக்கும் வேலைக்கும் பிறகு உங்களுக்கு வரப்போகிற நாட்களில் பாதி அத்தகைய ஆட்டங்கள்தான்.

நாமே விரும்பிப் போடும் வேடம் ஒன்று. ஊர் நம் மேல் போடும் வேடம் இன்னொன்று. இரண்டாவதைச் சுமப்பது கடினம். அதற்கு எடுத்துக்காட்டைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சூரப்பட்டு வழியாகப் போனால் புழல் சிறை. ‘சீமேன் கார்டு ஓஹியோ’ என்பது வணிகக் கப்பல்களுக்குக் கடற்கொள்ளையரிடமிருந்து காவல் தரும் ஆட்களையும் ஆயுதங்களையும் சுமந்த கப்பல். 2013 அக்டோபரில் அதைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தார்கள். உரிய அனுமதியின்றி நம் கடல் எல்லைக்குள் ஆயுதங்களோடு இருந்ததாக வழக்கு. கப்பலில் இருந்தவர்கள் 35 பேர். எஸ்டோனியர்கள் 14, இந்தியர்கள் 12, பிரிட்டிஷ்காரர்கள் 6, உக்ரைனியர்கள் 3. கொள்ளையரைத் தடுக்கப் போனவர்கள் கைதிகளானார்கள். ஜாமீன் கிடைத்தும் ஊருக்குப் போக முடியவில்லை. உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பி உயிர்ப்பித்தது. 2016 ஜனவரியில் 5 ஆண்டு சிறை என்று தீர்ப்பு வந்தது. பிரிட்டிஷ்காரர்கள் ஆறு பேரும் புழலில் இருந்தார்கள். 2017 நவம்பர் 27 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனைவரையும் விடுவித்தது.

வழக்கின் சட்ட நுணுக்கங்களில் நான் இறங்கவில்லை. அனுமதி வாங்காமல் ஆயுதத்தோடு எல்லைக்குள் யார் இருந்தாலும் கேள்வி கேட்பது ஒரு நாட்டின் கடமை. நான் நினைப்பது அந்த நான்கு வருஷத்தை. மேடையில் விழுகிறவனுக்கு எத்தனை நிமிஷத்தில் திரை விழும் என்று தெரியும். அவர்களுக்கு அது தெரியாது. ஒருமுறை முடிந்துவிட்டது என்று எழுந்தவர்களை மறுபடியும் விழ வைத்த வழக்கு அது. அப்படிப்பட்ட காலம் உங்களில் யாருக்கும் வர வேண்டாம். வந்தால், செய்யாததைச் செய்ததாக ஊர் சொல்லும் வருஷங்களில், தினமும் குளித்து, சாப்பிட்டு, வக்கீலுக்குத் தேவையான காகிதத்தை எடுத்து வைத்து, மறுநாளும் அதையே செய்யுங்கள். அதைவிடப் பெரிய வீரத்தை நான் எந்தச் சண்டைக் காட்சியிலும் பார்த்ததில்லை.

நம் மண்ணின் கடற்போரைச் சொல்லாமல் விட்டால் வாத்தியார் என்னை மன்னிக்க மாட்டார். முருகன் அசுரர்களோடு மூன்று இடத்தில் போரிட்டான் என்பது மரபு: நிலத்தில் திருப்பரங்குன்றம், விண்ணில் திருப்போரூர், கடலில் திருச்செந்தூர். ஐப்பசிக் கந்த சஷ்டியின் ஆறாம் நாள் மாலையில் திருச்செந்தூர்க் கடற்கரையில் அந்தப் போர் நடக்கும். முருகன் ஜெயந்திநாதராக வேலோடு எழுந்தருள்வார். முதலில் யானைமுகன் வருவான். அவரைச் சுற்றி வந்து போரிட்டு வீழ்வான். அடுத்து சிங்கமுகன். அதற்கடுத்துச் சூரபத்மன் தன் முகத்தோடு. கடைசியில் மாமரம். ஒவ்வொரு தலையாக மாற்றி மாற்றி, லட்சக்கணக்கான கண்களுக்கு முன்னால் சூரன் திரும்பத் திரும்பத் தோற்கிறான். நான் இளவட்டமாகப் போனபோது வேலைத்தான் பார்த்தேன். வயதானபின் போனபோது என் கண் சூரனின் கால்மாட்டுக்குப் போயிற்று. சப்பரத்தைத் தோளில் தாங்கி, மணலில் கால் புதைய, கூட்டம் நெருக்க நெருக்க ஓடித் திரும்புகிற ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் தளர்ந்தால் சூரன் தளர்வான். சூரன் தளர்ந்தால் முருகன் வென்றதில் என்ன இருக்கிறது? வீழ்ந்த மாமரத்தின் ஒரு பாதி மயிலாகி அவனைச் சுமக்கிறது, மறுபாதி சேவலாகி அவன் கொடியில் ஏறுகிறது. தோற்றவனைத் தூர எறியாமல் பக்கத்திலேயே வைத்துக்கொண்ட தெய்வத்தைக் கும்பிடுகிற ஊர் நம்முடையது.

திருச்செந்தூர் தூரம் என்றால், சஷ்டிக்குக் குன்றத்தூர் மலைக்குப் போங்கள், பூந்தமல்லியிலிருந்து பக்கம்தான். எல்லாரும் முருகன் பக்கம் முண்டியடிப்பார்கள். நீங்கள் சூரன் பக்கமாக ஒதுங்கி, அவனைத் தூக்குகிறவர்கள் எப்போது வேகம் கூட்டுகிறார்கள், எந்த இடத்தில் தோள் மாற்றுகிறார்கள் என்று கவனித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் அவர்களுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்து உங்கள் சந்தேகத்தைக் கேளுங்கள். எனக்கு மறந்துபோனதையும் அவர்கள் சேர்த்துச் சொல்வார்கள்.