மேட்டூர் எவ்வளவு?

கொடும்பாளூர் மூவர் கோயிலில் இன்று நிற்பவை இரண்டு விமானங்கள். மூன்றாவதற்கு அடித்தளம்தான் மிச்சம். அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு பூதி விக்கிரமகேசரியின் வீரத்தைப் பாடும்போது, பல்லவப் படையின் குருதியால் காவிரி நீர் சிவந்தது என்கிறது. பள்ளி நாட்களில் வாத்தியார் இதைச் சொன்னபோது எனக்கு வீரம் பிடிபடவில்லை. நம்ம ஊரில் காவிரி எங்கே இருக்கிறது என்பதுதான் என் சந்தேகம். புதுக்கோட்டை மாவட்டத்தின் இந்த மூலை வானம் பார்த்த பூமி. சிலப்பதிகாரமே கொடும்பையைப் பெரிய குளத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்கிறது.

ஆனாலும் ஆனி, ஆடி வந்துவிட்டால் விராலிமலைச் சாலை டீக்கடைகளில் முதல் பேச்சு "மேட்டூர் எவ்வளவு?" என்பதுதான். தஞ்சாவூர்க்காரர் கேட்டால் நியாயம் உண்டு. ஒரு மடை காவிரித் தண்ணீரும் பாயாத நாங்கள் எதற்குக் கேட்கிறோம்? அண்மைக் காரணம் ஒன்று கைவசம் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் விராலிமலை அருகே குன்னத்தூரில் காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு அடிக்கல் நாட்டினார்கள். மேட்டூர் நிரம்பி வழிந்தால் மாயனூரிலிருந்து உபரிநீர் இந்தப் பக்கம் வரும் என்பது ஏற்பாடு. ஆனால் கால்வாய்ப் பேச்சு எழுவதற்கு வெகுகாலம் முன்பே என் தாத்தா மேட்டூர் கணக்கு கேட்டுக்கொண்டிருந்தார்.

மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் விசாரித்தேன். "தண்ணிக்காகவா கேட்டாங்க? கரண்டுக்குத் தம்பி! அப்ப நம்ம பக்கம் எரிஞ்ச லைட்டு, ஓடுன மோட்டாரு எல்லாம் மேட்டூர் கரண்டுதான்" என்றார். அதன் பிறகு திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் நூலகங்களில் பழைய பொதுப்பணித்துறை நூல்களைப் புரட்ட ஆரம்பித்தேன்.

அவற்றில் முதலில் கிடைத்தது பெரியவர் சொன்னதற்கு நேர் எதிர். மேட்டூர் அணை கரண்டுக்காகப் பிறந்ததே இல்லை. தஞ்சை நெல்லுக்காகப் பிறந்தது. பொறியாளர் எல்லிஸ் 1910 வாக்கில் வகுத்த திட்டம் அது. அதே காலத்தில் மைசூர் கண்ணம்பாடியில் தன் அணையை எழுப்ப முனைய, வழக்கு மூண்டது. 1914இல் கிரிஃபின் தீர்ப்பு வந்தது. சென்னை மாகாணம் அதை ஏற்காமல் மேல்முறையீடு செய்தது. கடைசியில் 1924 பிப்ரவரி 18 அன்று இரு தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சென்னை நிர்வாக சபையில் இருந்த சி.பி. ராமசாமி ஐயர் இதில் முன்னின்றவர்.

ஒப்பந்தத்தின் மை காய்வதற்குள், அதே 1924 ஜூலையில், காவிரியில் பெருவெள்ளம். மேட்டூர்ப் பகுதியில் நொடிக்கு ஏறத்தாழ 4,56,000 கன அடி. வரைபடத்தில் இருந்த அணைக்கு அவ்வளவு வெள்ளத்தை வெளியேற்றும் வழி கிடையாது. உபரிநீர்ப் போக்கியைப் பெரிதாக்கித் திட்டத்தைத் திருத்தினார்கள். சில வருஷம் முந்தி வேலையைத் தொடங்கியிருந்தால், பாதி எழும்பிய சுவரின் மேல் அந்த வெள்ளம் ஏறியிருக்கும். மைசூரோடு இழுத்த வழக்கு அந்த வகையில் நமக்கு நல்லதே செய்தது என்பேன்.

1925 ஜூலையில் தொடங்கிய வேலை 1934 ஆகஸ்ட் 21 அன்று திறப்பு விழாவில் முடிந்தது. அப்போதைய ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் நீர்த்தேக்கத்துக்கு விழுந்தது. செலவு 4 கோடியே 80 லட்சம் ரூபாய். அதற்கு வேறு விலையும் உண்டு. காவேரிபுரம், நாயம்பாடி என்று ஊர்கள் தண்ணீருக்குள் போயின. தேக்கம் வற்றும்போது பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் கிறிஸ்தவ ஆலயக் கோபுரமும் தலைகாட்டும். சனங்கள் பரிசல் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.

அப்படியானால் கரண்ட்? அணைச் சுவர் எழும்பும்போதே, பின்னால் உதவும் என்று நான்கு குழாய்களை அதற்குள் பதித்து வைத்திருக்கிறார்கள். 1937இல் அந்தக் குழாய் வழியாக முதல் மின்சாரம் பிறந்தது. 10 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்கள். பிறகு புதுப்பித்ததில் மொத்தம் 50 மெகாவாட் ஆனது. 1960களில் சுரங்க மின்நிலையம் வந்து 200 மெகாவாட் சேர்ந்தது. பைகாரா 1932, மேட்டூர் 1937, பாபநாசம் 1944 என்று தொடங்கி இவை பின்னால் ஒரே வலையாக இணைந்துவிட்டதால், எங்கள் ஊர் விளக்கில் எரிந்தது எந்த ஆற்றுக் கரண்ட் என்று பிரிக்க முடியாது. ஆனாலும் வயர்மேன் சொன்னதில் உண்மை இருக்கிறது. காவிரியால் எங்கள் மேட்டில் ஏற முடியவில்லை. கம்பி வழியாக வந்து எங்கள் கிணற்றுத் தண்ணீரை இறைத்துக் கொடுத்தது.

இங்கே ஒரு விஷயத்தை நிறையப் பேர் கவனிப்பதில்லை. மேட்டூர் நீர்மின்சாரம் பாசனத்தின் வால்பிடித்துப் போவது. ஜூன் 12இல் டெல்டாவுக்கு மதகு திறந்தால் இயந்திரம் சுற்றும். ஜனவரி 28இல் மூடினால் குடிநீருக்கு விடும் சொற்பத் தண்ணீரில் அதுவும் படுத்துக்கொள்ளும். பக்கத்திலேயே 1,440 மெகாவாட் அனல்மின் நிலையம் புகைந்துகொண்டிருக்கிறது. எங்கள் தாத்தாவின் கேள்விக்கு இருந்த கரண்ட் காரணம் எப்போதோ தேய்ந்துவிட்டது.

நேரில் பார்க்காமல் எழுதக்கூடாது என்று மேட்டூருக்கும் போனேன். ஆடி மாதம். அணைப் பூங்காவில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். அணைக்கட்டு முனியப்பனுக்குக் கோழி அறுத்து, அங்கேயே பொங்கி, ஆற்றில் குளித்து, மீன் வறுவல் வாங்கித் தின்று மாலையில் கிளம்புகிறார்கள். அணை 120 அடி உயரம் என்றுதான் பலரும் என்னிடம் சொன்னார்கள். 120 என்பது தண்ணீர் நிற்கும் அளவு. அடி அஸ்திவாரத்திலிருந்து கணக்கிட்டால் கட்டுமானம் 214 அடி. நிரம்பினால் 93.47 டி.எம்.சி. என்பதும் ஏட்டுக் கணக்கு. வண்டல் தின்றது போகத்தான் மீதி. 2017இல்தான் முதல்முறையாக மேட்டூரில் தூர்வாரத் தொடங்கினார்கள். அணைக்கு அப்போது வயது 83.

எனக்கு மிகவும் பிடித்தது 16 கண் மதகு. எல்லிஸ் பெயரைத் தாங்கியது. ஒவ்வொரு கண்ணும் 60 அடி அகலம், 20 அடி உயரம். பிரதான சுவரின் மேல் வெள்ளத்தை வழியவிட்டால், விழும் நீர் சுவரின் காலடியைப் பறிக்கும். அதனால் சற்றுத் தள்ளி, மலைகளுக்கு நடுவிலிருந்த தாழ்வில் உபரி வழியை அமைத்தார்கள். தன் எடையால் நிற்கும் அணைக்குக் காலடிதான் உயிர். 1920களில் இதை யோசித்தவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

காலடி பறிபோனால் என்ன ஆகும் என்பதை எங்களுக்குக் காட்டியது முக்கொம்பு. ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய மேலணை அது. ஆடிப்பெருக்குக்கு எங்கள் ஊர் வேன்கள் போய் நிற்கும் பூங்காவும் அதுதான். 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தது. 22ஆம் தேதி இரவு கொள்ளிடம் பக்கத்து 45 கண்களில் 9 கண்கள் சரிந்து ஆற்றோடு போயின. இரவு என்பதால் பூங்காவில் ஆள் இல்லை. மணல் கொள்ளையால் ஆற்றுப்படுகை தாழ்ந்ததே காரணம் என்றார்கள் விவசாயிகள். வயதாகிவிட்டது என்றது அரசுத் தரப்பு. நான் விவசாயிகள் பக்கம்.

ஏனென்றால் வயதை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. வேடசந்தூர் அருகே குடகனாறு அணை, 1977 நவம்பர் புயல் மழையில் உடைந்தது. கட்டி முடித்து வெகுகாலம் ஆகாத அணை. வெள்ளம் ஏறியபோது கரண்ட் நின்றுபோனது. ஷட்டர்களைப் பாதிதான் தூக்க முடிந்தது. ஜெனரேட்டரைப் போட்டார்கள், கையாலும் சுற்றிப் பார்த்தார்கள். அதற்குள் தண்ணீர் கரைமேல் ஏறி மண்ணைக் கரைத்துவிட்டது. 2024 ஆகஸ்ட் 10 இரவு துங்கபத்திரையில் 19ஆம் எண் மதகு அடித்துச் செல்லப்பட்டதற்குக் காரணம், அறுந்துபோன ஒரு சங்கிலி. சுவருக்கு அங்கே ஒன்றும் ஆகவில்லை. இரண்டு இடத்திலும் கைவிட்டவை கதவுகள்தான்.

ஆகவே மேட்டூருக்கு 90 வயது தாண்டிவிட்டதே என்று பதறுகிறவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: 16 கண் ஷட்டர்களின் சங்கிலிக்கும் மோட்டாருக்கும் கடைசியாக எப்போது சோதனை நடந்தது? கரண்ட் நின்றால் மாற்று வழி தயாராக இருக்கிறதா? அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பர் 30இல் நடைமுறைக்கு வந்தது. பழைய அணைகளுக்கும் ஐந்து ஆண்டுகளுக்குள் அவசரகாலச் செயல்திட்டம் தயாரித்தாக வேண்டும் என்கிறது அது. அலுவலக பீரோவில் இருக்கும் திட்டத்தால் குளிக்கிற சனத்துக்குப் பிரயோஜனம் இல்லை. சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஏற வேண்டும், எத்தனை நேரத்தில் தண்ணீர் வரும் என்பதைத் தமிழில் பெரிதாக எழுதி மேட்டூர்ப் படித்துறை முதல் முக்கொம்புப் பூங்கா வரை நீர்வளத்துறை வைக்க வேண்டும். ஆடிக்கு வேன் பிடித்துப் போகிறவர்களும் ஒன்று செய்யலாம்: உபரிநீர் திறக்கப்போவதாக அறிவிப்பு வந்த நாளில் பிள்ளைகளோடு ஆற்றில் இறங்காதீர்கள்.