சாவி யாருக்கு?

எங்கள் தெருக்கோடி வீட்டுப் பையனுக்கு ஒரகடத்தில் பிட்டர் வேலை. ரெனோ, டைம்லர், ராயல் என்ஃபீல்டு என்று பெரிய பெயர்கள் நிறைந்த வட்டாரம் அது. இவனுடையது பெயர் சொல்ல வேண்டாத ஒரு தொழிற்சாலை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இத்தாலிய மொழிப் பாடப் புத்தகத்தோடு வந்து நின்றான்.

"கதையெல்லாம் எழுதறீங்களே சார், இந்த இலக்கணத்தைக் கொஞ்சம் பாருங்க."

விஷயம் இதுதான். இயந்திரம் பொருத்த வந்த இத்தாலியர் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டி, சாவியை இவனிடம் கொடுத்துவிட்டு உள்ளே இறங்கியிருக்கிறார். மேஸ்திரி வந்து சாவியைக் கேட்டார். உள்ளிருந்து ஒரு குரல். அது "தாம்மேலா"வா, "தால்யேலா"வா? முதலாவது, "அதை எனக்குத் தா." இரண்டாவது, "அதை அவருக்குக் கொடு." இவன் விழித்தான்.

புத்தகத்தைப் புரட்டினேன். 'யாருக்கு' என்ற சொல் முன்னே, 'எதை' என்ற சொல் பின்னே. எனக்கு என்னும் 'மி', அதை என்னும் 'லோ'வோடு சேர்ந்தால் 'மே லோ'. 'அவனுக்கு', 'அவளுக்கு' என்னும் 'ல்யி', 'லே' இரண்டுமே 'ல்யேலோ' ஆகிவிடும். மரியாதையான 'உங்களுக்கு'ம் அதேதான். ஏவலானால் இரண்டும் வினையின் வாலில் ஒட்டிக்கொள்ளும். சாவி அங்கே பெண்பால். ஆகவே 'லோ' அல்ல, 'லா'.

"நமக்கு இந்த வம்பெல்லாம் இல்லையே சார்" என்றான்.

இருந்தது, அப்பா! தருவதும் வருவதும் தன்மைக்கும் முன்னிலைக்கும், செல்வதும் கொடுப்பதும் படர்க்கைக்கு என்று தொல்காப்பியம் பிரித்து வைத்தது. 'தா' என்ற ஓரெழுத்துக்குள்ளேயே 'எனக்கு' அடங்கிவிடும். மலையாளிகள் இன்றும் அதைக் காப்பாற்றுகிறார்கள். நாம்தான் "எனக்குக் கொடு" என்று கலந்துவிட்டோம். 1680-இல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் நம் இலக்கணத்தைக் கற்று, நமக்கே தொன்னூல் விளக்கம் எழுதித் தந்தார். அவர் பாஷையில் இரண்டு அசைக்கு நாங்கள் திண்டாடினோம்.

"சரி, சாவியை யாருக்குக் கொடுத்தாய்?"

"யாருக்கும் கொடுக்கலை சார். அவர் வெளியே வர்ற வரைக்கும் கையை மூடிக்கிட்டேன். மேஸ்திரிக்குக் கோபம்தான்."

"அவர் என்ன சொன்னாராம்?"

"தாம்மேலா."

நான் புத்தகத்தை மூடி அவனிடம் நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை, அடுத்த பாடத்தைத் திறக்கச் சொன்னான்.