புழுக்கத்தில் மிதிப்பவர்கள்: ஹவுரா, 2024

ஏப்ரல் 30, செவ்வாய்

ஆலிப்பூர் வானிலை நிலையத்தில் இன்று 43 டிகிரி. ஏப்ரல் மாதத்தில் இப்படியொரு வெயிலைக் கொல்கத்தா கண்டு எழுபது ஆண்டுகள் ஆகின்றன. கங்கை ஆற்றுக்கு இந்தப்பக்கம் ஹவுராவிலும் அதே அனல்தான். ஆனால் செவ்வாய் என்றால் மங்களா ஹாட். ஹவுரா மைதானத்தை ஒட்டிய தெருக்களில் மொத்தத் துணி வியாபாரம் நடக்கும் நாள். மூட்டைகளைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருகிறவர்களின் உடை பெரும்பாலும் ஒரே மாதிரி: தொளதொளப்பான முழுக்கைப் பருத்திச் சட்டை, மேல் பட்டன் இரண்டு திறந்தபடி, தலையிலும் கழுத்திலும் காம்ச்சா. நம் ஊர் ஈரிழைத் துண்டின் வங்காளத்து உறவு அது. பளபளக்கும் கியர் சைக்கிளில் வரும் இளைஞர்களோ உடம்பை ஒட்டிய அரைக்கை டி-ஷர்ட்டில்.

இன்றைக்கு மட்டும் பார்த்தால் மூட்டைக்காரர்கள் பக்கமே நியாயம். நம் தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 டிகிரி. அதைவிடச் சூடான காற்று வெறும் கையில் பட்டால் குளிராது, சுடத்தான் செய்யும். இப்படிப்பட்ட வறண்ட அனலில் உடம்பைக் காப்பது வியர்வை ஒன்றே. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகும். அதற்கு வேண்டியது தோலின்மேல் நிழலும், துணிக்கும் தோலுக்கும் இடையே காற்று ஓட இடமும். பாலைவனத்து பெதூயின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்று ஆராய்ந்த ஒரு கட்டுரை 1980இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. கறுப்போ வெள்ளையோ, அங்கி தளர்வாக இருந்தால் தோலுக்கு வந்து சேரும் வெப்பம் ஒன்றுதான் என்பது அதன் முடிவு. துணிக்கடையில் நாம் நிறத்தைப் பற்றிப் பேசும் அளவுக்குத் தொளதொளப்பைப் பற்றிப் பேசுவதில்லை.

மே, இரண்டாம் வாரம்

வெப்பமானி இறங்கிவிட்டது, அவதி ஏறிவிட்டது. வங்கக்கடல் ஈரம் திரும்பி வந்திருக்கிறது. ஏப்ரலில் காப்பாற்றிய அதே முழுக்கைச் சட்டை, ஜி.டி. ரோட்டில் சல்கியாவைத் தாண்டுவதற்குள் முதுகில் ஒட்டிக்கொள்கிறது.

சைக்கிள் மிதிக்கும்போது தசை செலவழிக்கும் ஆற்றலில் கால்வாசிகூடச் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. மிச்சமெல்லாம் உடம்புச் சூடு. அதை வெளியேற்ற வியர்வை வருகிறது, ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் அது போக வழியில்லை. சொட்டுச் சொட்டாகக் கீழே விழும் வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. தண்ணீரும் உப்பும் வீணானதுதான் மிச்சம்.

இங்கேதான் விளையாட்டுக் கடைக்காரர் பாலியஸ்டர் ஜெர்சியை நீட்டுகிறார். அவர் வாதத்தில் பாதி உண்மை. சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 விழுக்காடு ஈரத்தை இழைக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் 0.4 விழுக்காடுதான். வியர்வையை இழைக்குள் விடாமல் மேற்பரப்பில் பரப்பி, காற்றில் சீக்கிரம் உலரவிடுவதே ஜெர்சியின் வேலை. ஆனால் காற்று வேண்டுமே? மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு நொடிக்கு நான்கு மீட்டர் காற்று இலவசமாகக் கிடைக்கிறது. டோட்டோ என்னும் மின்ரிக்ஷாக்களுக்கும் மினி பஸ்ஸுக்கும் நடுவே ஒரு காலை ஊன்றி நிற்கிறவருக்கு அது சுழியம். ஆற்றோரத்து ஃபோர்ஷோர் ரோட்டில் விடிகாலையில் ஜெர்சி ஜெயிக்கும், ஜி.டி. ரோட்டில் ஒன்பது மணிக்குத் தோற்கும். துணியைத் தேர்ந்தெடுப்பது உண்மையில் சாலையைப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை.

மே 20, திங்கள்

ஹவுரா தொகுதியில் இன்று வாக்குப்பதிவு. சாலையில் இடம் இருக்கிறது, மிதித்தால் காற்று வருகிறது. இன்று எல்லாச் சட்டையும் நல்ல சட்டை.

ஜூன், மூன்றாம் வாரம்

உள்ளே பனியன் போடலாமா வேண்டாமா? கங்கையின் இரு கரையிலும் தீராத வழக்கு. பனியன் விஷயத்தில் இந்த ஊருக்குப் பேச உரிமை உண்டு. இந்தியாவின் முதல் பின்னலாடை ஆலை 1893இல் ஆற்றுக்கு அந்தப்பக்கம் கிதிர்பூரில் தொடங்கியது என்பார்கள். 1920களில் திருப்பூர் பின்னத் தொடங்கியபோது முதல் எந்திரங்கள் கல்கத்தாவிலிருந்துதான் போயின. ரூபா, லக்ஸ், டாலர் ஆகிய மூன்று பனியன் நிறுவனங்களுக்கும் இன்றும் தலைமையகம் கொல்கத்தாவே.

போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்குள் நுழைகிறவருக்குப் பனியன் வேண்டாம். மெல்லிய ஒற்றைச் சட்டை போதும், ஒரு அடுக்கு குறைந்தால் அவ்வளவுக்கு நல்லது. அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார வேண்டியவருக்குப் பனியன் வேண்டும், ஆனால் சட்டைக்குள் அல்ல. பனியனோடோ பழைய டி-ஷர்ட்டோடோ மிதித்துப் போய், மடித்த சட்டையைப் பையிலிருந்து எடுத்து மாற்றிக்கொள்கிறவர்கள் இந்த ஊரில் நிறைய. அவர்களிலும் அனுபவசாலிகள் வந்தவுடன் மாற்றுவதில்லை. சைக்கிள் நின்றதும் காற்று நின்றுவிடும், உடம்புச் சூடு நிற்காது. முதல் சில நிமிடங்களில்தான் வியர்வை ஊற்றெடுக்கும். மின்விசிறிக்கடியில் பத்து நிமிடம் நின்ற பிறகே புதுச் சட்டை.

இன்னொன்று, முதுகுப்பை. எந்தத் துணியும் அதன் அடியில் உலராது. பை கேரியருக்குப் போனாலே சட்டையின் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். சாம்பல் நிறச் சட்டை வாங்குகிறவர்களுக்கு என்ன தைரியமோ, அக்குள் ஈரத்தை ஊருக்கே அறிவிக்கும் நிறம் அது. வெள்ளையும் கருநீலமும் ரகசியம் காக்கும்.

ஜூலை தொடக்கம்

பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள் வரிசை. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை மாணவர்களுக்குச் சைக்கிள் தரும் ‘சபுஜ் சாத்தி’ திட்டம் 2015இல் தொடங்கியது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி மேற்கு வங்கத்தில் 78.9 விழுக்காடு வீடுகளில் சைக்கிள் உண்டு; நாட்டிலேயே அதுதான் அதிகம். நாட்டின் சராசரி 50.4. இத்தனை சைக்கிள் ஓடும் மாநிலத்தில் சைக்கிளுக்கென்று ஒரு சீருடை யோசிக்கப்படவில்லை. பெண்பிள்ளைகள் தாங்களே வழி கண்டிருக்கிறார்கள்: துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிச்சு. செயினில் சிக்காது, காற்றையும் மறைக்காது.

ஜூலை கடைசி

மழைக்கோட்டு போட்டால் வெளியே நனையாது, உள்ளே நனையும். ஆவி புகாத பிளாஸ்டிக்கில் வேறென்ன நடக்கும்? மாற்றுத் துணியைப் பாலிதீன் பையில் சுற்றிவிட்டு நனைந்துகொண்டே போகிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஜீன்ஸ் கூடாது. நடுவில் தடித்த தையல், சீட்டில் உட்காரும் இடத்திலேயே. ஈரமானால் கனக்கும், இந்த மாதத்தில் மாடிக்கொடியில் இரண்டு நாள் தொங்கினாலும் காயாது. அரைகுறையாகக் காய்ந்த இறுக்கமான துணி, ஈரம், உரசல் மூன்றும் சேர்ந்தால் தொடையிடுக்கில் படர்தாமரை. மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசி அதை முற்றவிடுவது நம் நாட்டுத் தோல் மருத்துவர்களின் நிரந்தரப் புலம்பல். தொளதொள முக்கால் பேண்ட் மேல். பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டை போடுகிறவர்கள் அதற்குள் ஜட்டி போடக் கூடாது. உரசலைத் தடுக்கத்தான் அந்தக் கால்சட்டையே.

ஆற்றுக்கு அந்தப்பக்கம் கொல்கத்தாவுக்கு வேலைக்குப் போகிறவர்களின் பாடு தனி. 2013இல் கொல்கத்தாக் காவல்துறை 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டது. பிற்பாடு தளர்த்தினார்கள் என்றாலும், தடை உள்ள இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பவருக்கு உழைப்பு உண்டு, காற்று இல்லை. வியர்வைக் கணக்கில் அதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது.

ஆகஸ்ட்

நாற்றத்தைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வியர்வை படிந்த டி-ஷர்ட்டுகளை ஆராய்ந்தார்கள். பருத்தியைவிடப் பாலியஸ்டர் கடுமையாக நாறியது. நாற்றத்தோடு தொடர்புடைய மைக்ரோகாக்கஸ் பாக்டீரியா அதில்தான் செழித்தது. ஜெர்சி சீக்கிரம் காயும், ஆனால் தோய்க்காமல் மறுநாள் போட முடியாது. மழைக்காலத்துக்கு அதுவே பொருத்தம்: இரவு அலசிப் போட்டால் காலையில் தயார். காயாத பருத்திதான் சேற்று வாடை அடிக்கும்.

செயற்கை இழைமேல் சந்தேகம் பழையது. 1940களின் இறுதியில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையில் செயற்கை இழை கலந்தபோது, வியர்வைக்குக் கம்பளிதான் ஆரோக்கியம் என்று சொல்லி பந்தய வீரர் லூயிசான் போபே அதை அணிய மறுத்தார். அமைப்பாளர்கள் மன்றாடியும் பலிக்காமல், ராவோடு ராவாக அவருக்குக் கம்பளியில் வேறு சட்டை தயாரானது.

டிசம்பர்

காலையில் ஸ்வெட்டர், மஃப்ளர், குரங்குக் குல்லா. பாலி பக்கமிருந்து வருகிறவர்கள் லிலுவா தாண்டுவதற்குள் குல்லாவைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிடுகிறார்கள். குளிரிலும் வியர்வை உண்டு. மூடிய ஸ்வெட்டருக்குள் அது நின்றுபோய், நிறுத்தத்தில் முதுகு சில்லிடும். முன்பக்கம் பட்டனோ ஜிப்போ வைத்த கையில்லா ஸ்வெட்டர் போதும், மிதிக்கையில் திறந்து, நிற்கையில் மூடிக்கொள்ளலாம்.