மேனி நிறமும் பிலிமும்

இலக்கியத்திலும் ஓவியத்திலும் வர்க்கச் சார்பும் இனச் சார்பும் உண்டென்பதை ஒப்புக்கொள்ளும் நண்பர்கள், கமராவைப் பற்றிய பேச்சு வந்ததும், அது இயந்திரந்தானே, இருப்பதை இருந்தவாறே காட்டும் என்று கூறிவிடுகின்றனர். மலையகத் தோட்டமொன்றிலே தொழிலாளர் சிலரைப் பெரிய பிலிமில் வண்ணப் படம் பிடிக்கத் தொடங்கிய பின்னர், இக்கூற்றை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் பயன்படுத்துவது 4 அங்குலத்துக்கு 5 அங்குலமான தாள் பிலிம். சாதாரண 35 மில்லிமீற்றர்ச் சட்டத்தைவிட அதன் பரப்பு ஏறத்தாழப் 15 மடங்கு. கமராவை முக்காலியில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக் குவியம் பார்க்கவே சில நிமிடங்கள் செல்லும். எதிரே இருப்பவரின் சம்மதமும் பொறுமையுமின்றி இப்படத்தை எடுக்க இயலாது. பிலிமின் விலையோ அதிகம். நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறிப்பவர் முன்னிலையில் அதனைச் சொல்லவும் நாணமாயிருக்கும்.

நேர்ப்படப் பிலிமின் நிறங்கள் கவர்ச்சியானவை. ஆயினும் அது தாங்கும் ஒளிவேறுபாடு குறுகியது. கரிய முகமும் வெள்ளைச் சேலையும் ஒரே வெயிலில் நின்றால் இரண்டிலொன்று பலியாகும். ஆதலால் நெகடிவ் பிலிமாகிய கொடக் போர்ட்ரா 400ஐத் தெரிந்தேன். அதன் வேகத்தை 200 எனக் கொண்டு, கன்னத்தின் நிழற்பக்கத்தில் ஒளியை அளக்கிறேன். மிகை ஒளியை அது பொறுக்கும். நிழலிற் பதியாததை எந்த ஸ்கானரும் மீட்டுத் தராது.

போர்ட்ரா 1998ல் வந்தது. அதற்கு முந்திய தசாப்தங்களில் அமெரிக்க ஆய்வுகூடங்கள் வெள்ளையினப் பெண்ணொருத்தியின் படத்தையே நிற அளவுகோலாகக் கொண்டிருந்தன. 'ஷேர்லி அட்டை' என்பது அதன் பெயர். கொடக் பிலிமிற் பழுப்பு நிறங்கள் செம்மையாகப் பதியத் தொடங்கியதற்குச் சொக்கலேற் உற்பத்தியாளரும் மரத்தளபாட உற்பத்தியாளரும் செய்த முறைப்பாடுகள் ஒரு காரணமென்பதை, கனேடிய ஆய்வாளர் லோர்னா றோத் 2009ல் வெளியிட்ட கட்டுரையிலே காட்டுகிறார். மனிதரின் முகம் இருளிற் கரைந்தபோது வராத அவசரம் மேசையின் நிறம் பிழைத்தபோது வந்திருக்கிறது!

பிலிம் திருந்தியும் தொல்லை தீரவில்லை. நகரத்து நிலையமொன்றில் ஸ்கான் செய்யக் கொடுத்தேன். நெடுங்காலம் வெயிலில் நின்ற ஓர் அம்மாவின் முகம் வெளுத்து, சாம்பல் பூத்து வந்தது. "இப்பிடித்தான் எல்லாரும் கேக்கினம், சேர்" என்றார் அங்கிருந்த இளைஞர். அவரை மட்டும் குறைகூறுவதிற் பயனில்லை. தானியங்கித் திருத்தம் படத்தின் சராசரியை நடுச் சாம்பலை நோக்கி இழுக்கிறது. முகம் சட்டத்தை நிறைக்கும் படத்தில் அந்தச் சராசரி அம்மாவின் தோலேயன்றோ!

பின்னர் நானே செய்தேன். திருத்தங்கள் அனைத்தையும் நிறுத்தி, 16 பிற் ஆழத்தில், அங்குலத்துக்கு 2400 புள்ளியாக எடுத்தால் ஒரு தாளில் 11 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள் கிடைக்கும். ஒளிபடாத ஓரத்தின் செம்மஞ்சளை அளந்து கழித்து, முதற்றாளில் அம்மா கையிற் பிடித்திருந்த சாம்பல் அட்டையைக் கொண்டு நிறத்தைச் சமன்செய்தேன்.

இரண்டு அச்சுகளையும் லயத்துக்குக் கொண்டுசென்றேன். நெற்றியிலே கூடைக் கயிறு பதித்த தடத்தை அம்மா விரலால் தொட்டு, "இதுகூட விழுந்திருக்கே, மாஸ்டர்" என்றார். விடுமுறையில் வந்திருந்த மகளோ, ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்பவள், வெளுத்த படத்தைக் கையிலெடுத்து, "இதுதான் நல்லாயிருக்கு" என்றாள். தாயும் மகளும் நெடுநேரம் வாதாடினர். இரண்டையும் கொடுத்துவிட்டு வந்தேன்.