கோல்ஃபில் ஹேண்டிகேப், கல்லூரியில் கோட்டா

கோல்ஃப் ஆட்டத்தில் ஹேண்டிகேப் என்றொரு கணக்கு உண்டு. குறைந்த அடிகளில் ஆட்டத்தை முடிப்பவரே வென்றவர். ஆனால் சிறுவயதிலிருந்து ஆடுபவரும் நேற்று மட்டை பிடித்தவரும் அப்படியே மோதினால் அது போட்டியாகாது. அதனால் முந்தைய ஆட்டங்களை வைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு எண் தருகிறார்கள். 90 அடி அடித்தவரின் ஹேண்டிகேப் 18 என்றால் அவர் கணக்கு 72. 75 அடி அடித்தவரின் ஹேண்டிகேப் 2 என்றால் அவர் கணக்கு 73. கோப்பை 90 அடி அடித்தவருக்கு! தகுதி செத்துப்போனதாக அங்கே யாரும் புலம்புவதில்லை.

நிதி திரட்டும் போட்டிகளில் இன்னும் தாராளம். காசு கட்டினால் தவறிய அடியை மறுபடியும் அடிக்கலாம். அதற்குப் பெயர் மல்லிகன்.

இடஒதுக்கீடும் ஹேண்டிகேப்பும் ஒன்றல்ல. ஹேண்டிகேப் தனி ஆளின் திறமையை அளக்கிறது. இடஒதுக்கீடு திறமைக் குறைவுக்கான ஈடு அல்ல. தலைமுறைகளாக மறுக்கப்பட்ட பங்கு. இருந்தும், ஹேண்டிகேப் வாங்கியவர் தலைநிமிர்ந்து கோப்பையோடு படம் எடுத்துக்கொள்கிறார். நம் பிள்ளை கல்லூரியின் முதல் நாளே "உன் ரேங்க் என்ன?" என்ற கேள்விக்குக் கூனிக் குறுகுகிறது.

இளைஞர் மனநலத்துக்காக அப்படியொரு கோல்ஃப் போட்டி நடத்துபவர்கள் எங்கள் மாலைநேரப் படிப்பகத்துக்கும் கடிதம் எழுதினார்கள். ஆலோசகர் ஒருவரை அமர்த்தப் பணம் தருவார்களாம். பதிலுக்கு, விருந்து மேடையில் நம் மாணவர்கள் இருவர் தங்கள் துயரக் கதையைச் சொல்ல வேண்டுமாம். சாதி என்ற சொல் அந்தக் கடிதத்தில் எங்குமே இல்லை. 'மன அழுத்தம்', 'மீண்டெழும் திறன்' என்று மட்டுமே இருந்தது.

ரோஹித் வெமுலாவுக்கு மீண்டெழும் திறனா குறைவாக இருந்தது? ஏழு மாத ஆய்வு உதவித்தொகை நிலுவை, விடுதியிலிருந்து வெளியேற்றம், 2016 ஜனவரி 17 அன்று மரணம். மும்பையில் மருத்துவ மேற்படிப்பு படித்த ஆதிவாசி மருத்துவர் பாயல் தட்வி 2019 மே மாதம் இறந்தார். இடஒதுக்கீட்டைச் சொல்லிச் சொல்லியே சீனியர்கள் அவரை இழிவுபடுத்தினார்கள் என்பது குடும்பத்தாரின் புகார். டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் ஒதுக்கப்படுவதை தோரட் குழு 2007லேயே எழுதி வைத்துவிட்டது. காயம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் காயம்பட்டவனுக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுப்பது என்ன வைத்தியம்?

அந்த விருந்து மண்டபங்களையும் நாம் அறிவோம். 2017 ஜூனில், மேகாலயாவின் ஜெய்ன்செம் உடையில் விருந்தினராக வந்த காசிப் பெண்ணை, வேலைக்காரி போல இருப்பதாகச் சொல்லி டெல்லி கோல்ஃப் கிளப்பின் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுப்பினார்கள். அப்படிப்பட்ட மேசைகளுக்கு முன்னால் நம் பிள்ளைகளைக் கண்ணீர் விட நிறுத்த மாட்டோம்.

பணத்தை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆலோசகர் நமக்குக் கட்டாயம் தேவை. மூன்று நிபந்தனைகளை மட்டும் எழுதி அனுப்பினோம்: மாணவர்கள் மேடை ஏற மாட்டார்கள், சாதியைக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்த ஆலோசகராக இருக்க வேண்டும், அவரைத் தேர்ந்தெடுப்பதில் மாணவர்களுக்கும் குரல் வேண்டும். இதை எழுதும் வரை பதில் இல்லை. பதில் வராவிட்டால் பணமும் வராது. அந்த இழப்பு சிறியதல்ல என்பது தெரிந்துதான் எழுதினோம்.

தோழர்களே, மனநல சிகிச்சை யாரோ போடும் பிச்சை அல்ல. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 18, அரசு நடத்தும், அரசு நிதி தரும் மனநலச் சேவையைச் சாதிப் பாகுபாடின்றிப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. உங்கள் கல்லூரியில் ஆலோசகர் இருக்கிறாரா, எஸ்சி/எஸ்டி பிரிவு கூடுகிறதா, உதவித்தொகை வந்ததா என்று இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள். மனம் தாங்காத இரவு என்றால் 14416க்குக் கூப்பிடுங்கள், கட்டணமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் நாம் அல்ல.

ஜெய்பீம்.